கட்டைவிரலுக்குக் கோபம் வராது

ஒரு மனிதனைக் கொல்லத் தயார் என்று பாட்டு சொல்கிறது. என் கால் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. இதில் தப்பு என்ன என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்லத் தெரியாது. ஆனால் வருஷக்கணக்காக இது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. கனடாப் பாடகர் புரூஸ் கோபர்னின் ‘இஃப் ஐ ஹேட் எ ராக்கெட் லாஞ்சர்’ 1984இல் ‘ஸ்டீலிங் ஃபயர்’ தொகுப்பில் வந்தது. நான்கு சரணங்கள். ஒவ்வொன்றும் முடிகிற இடத்தில், கையில் ஆயுதம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்று பாடுகிறவர் ஒரு படி மேலே ஏறுகிறார். கடைசிச் சரணத்தில் வசையும் சாவும் ஒன்றாக வந்து விழுகின்றன. அந்த இடத்துக்காகத்தான் நான் காத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியும். பாட்டு ஆடத்தக்க வேகத்தில் போகிறது. எண்பதுகளின் சிந்தசைசர் பளபளப்பு மேலே பூசியிருக்கிறது. டிரம்ஸ் ஓரிடத்திலும் தடுமாறுவதில்லை. காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்கலாம், கேட்டிருக்கிறேன். இதே உறுத்தலை வேறொரு திசையிலிருந்து தருகிறவர் ஆங்கிலேயப் பாடகர் ரிச்சர்ட் தாம்சன். அவரும் அவருடைய அன்றைய மனைவி லிண்டாவும் 1974இல் வெளியிட்ட ‘ஐ வான்ட் டு சீ த பிரைட் லைட்ஸ் டுநைட்’ தொகுப்பில் ‘தி எண்ட் ஆஃப் த ரெயின்போ’ என்றொரு பாட்டு உண்டு. தொட்டிலில் கிடக்கும் பச்சைக் குழந்தையைப் பார்த்து ஒருவன், உலகம் உனக்காக எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை என்று நிதானமாக எடுத்துச் சொல்கிறான். மெட்டோ அவ்வளவு இதம். அக்கா மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது என் வாயில் தானாக வந்தது அந்த மெட்டுதான். குழந்தைக்கு ஆங்கிலம் புரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குப் புரியுமே.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விரல்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நியாயம்தான். ஆட்டவாவில் 1945இல் பிறந்த கோபர்னும் லண்டனில் 1949இல் பிறந்த தாம்சனும், ஒற்றைக் கிதாரோடு மேடையில் நின்று இன்னும் இரண்டு பேர் திரைக்குப் பின்னால் வாசிக்கிறார்களோ என்று சந்தேகப்பட வைப்பவர்கள். ஆனால் விரல் வித்தையில் யார் பெரியவர் என்கிற கேள்வி சீக்கிரமே அலுத்துவிடும். என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறு ஒற்றுமை. எழுபதுகளின் முதல் பாதியில், ஏறக்குறைய ஒரே சமயத்தில், இருவரும் கடவுளிடம் போய்ச் சேர்ந்தார்கள். கோபர்ன் கிறிஸ்துவிடம், தாம்சன் சூஃபி இஸ்லாத்திடம். ராக் இசைக்காரர்கள் அப்படிப் போனால் அடுத்த தொகுப்பு பஜனையாகத்தான் இருக்கும். இவர்கள் அதைச் செய்யவில்லை. தாம்சன் 1975இல் ‘போர் டவுன் லைக் சில்வர்’ தொகுப்பின் அட்டையில் தலைப்பாகையோடு நின்றார்; பிறகு 1978 வரை புதிய பாட்டுத் தொகுப்பே இல்லை. திரும்பி வந்தபோதும் அவருடைய பாட்டுகளில் கொலைகாரனும் ஏமாற்றுக்காரனும் குடிகாரனும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கோபர்னோ, நம்பிக்கை முற்ற முற்ற, அதிகமாகக் கோபப்பட ஆரம்பித்தார். கடவுளை நம்புகிற ஒருவன் பாட்டில் ஒரு கொலையை எங்கே வைப்பான்? தன் வாயிலா, அடுத்தவன் வாயிலா? இருவரையும் பிரிக்கும் கோடு இங்கேதான் விழுகிறது என்று நினைக்கிறேன். கோடு நேராக இல்லை என்பதுதான் சிக்கல்.

கோபர்னின் இசைத்தட்டு உறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாட்டு வரிகளை அச்சிடும்போது ஒவ்வொன்றின் கீழும் அது எழுதப்பட்ட ஊரும் தேதியும் இருக்கும். டைரிக் குறிப்பு மாதிரி. பாட்டில் ‘நான்’ என்று வந்தால் அந்த ‘நான்’ அன்றைக்கு அந்த ஊரில் இருந்த ஆள் என்பதற்கு அத்தாட்சி. ராக்கெட் லாஞ்சரின் ‘நான்’ 1983இல் தெற்கு மெக்ஸிகோவில் சியாபாஸ் மாநிலத்தில் இருந்தார். ஆக்ஸ்ஃபாம் அழைத்துப்போன பயணம். குவாத்தமாலாவிலிருந்து ராணுவத்துக்குத் தப்பி எல்லை தாண்டிய மாயா இனத்தவர் காட்டோர முகாம்களில் இருந்தார்கள். அவர்களைத் துரத்தி வந்த ஹெலிகாப்டர்கள் எல்லையையும் மதிக்கவில்லை. அந்த மக்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஓட்டல் அறைக்குத் திரும்பி, ஒரு விஸ்கி பாட்டிலைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதபடி எழுதியது என்று அவரே சொல்லியிருக்கிறார். இது ஆயுதம் எடுக்கச் சொல்லும் அழைப்பு இல்லை, ஒரு கதறல் என்றும் பல தடவை விளக்கியிருக்கிறார். ஒரு பாட்டுக்கு இத்தனை விளக்கம் தேவைப்படுகிறது என்றாலே அது தன் சொந்தக்காரரின் கையை மீறிப் போய்விட்டது என்று அர்த்தம். அமெரிக்க பில்போர்டு பட்டியலில் அது 88ஆம் இடம் வரை வந்தது. ஹெலிகாப்டருக்குப் பயந்து சிதறுகிறவர்களில் தொடங்கி லாகன்தூன் ஆற்றங்கரையில் காத்துக் கிடக்கும் கூட்டத்துக்குப் போகிற பாட்டு, கார் ரேடியோவில் விளம்பரங்களுக்கு நடுவே ஓடியது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்கு ஒரு முடிவு இல்லை. நல்ல விஷயம்தான் என்று ஒரு மனம் சொல்கிறது. அடுத்த மனம் கூசுகிறது.

பாட்டை அவர் தனியாக, வெறும் கிதாரோடு வாசித்துக் கேட்கும்போது கூச்சம் இன்னும் கூடுகிறது. சிந்தசைசர் இல்லை, டிரம்ஸ் இல்லை, ஆகவே அவர் கட்டைவிரல் தெளிவாகக் கேட்கிறது. கீழ்த்தந்திகளில் கட்டைவிரல் ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே எதை வேண்டுமானாலும் செய்யலாம். அந்த வாசிப்பு முறையை கோபர்ன் பிடித்துக்கொண்டது மிசிசிப்பி ஜான் ஹர்ட்டிடமிருந்து. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து பிடிக்கிறவர் எப்படியோ, அப்படித்தான் இந்தக் கட்டைவிரல். முகாரி வந்தாலும் கல்யாணத்தில் கெட்டிமேளம் வந்தாலும் அவருக்கு அதே சுருதி, அதே மூச்சு. அவரை யாரும் பார்ப்பதும் இல்லை. குரல் நடுங்குகிறது, சொற்கள் கொலைக்குப் போகின்றன, கட்டைவிரல் மட்டும் நேற்று மாதிரியே இருக்கிறது. இங்கே ஜான் ஹர்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மிசிசிப்பியில் அவலான் என்ற குக்கிராமத்தில் வயல்வேலை செய்துகொண்டிருந்தவர். 1928இல் சில பாட்டுகளைப் பதிவுசெய்துவிட்டு ஊர் திரும்பினார், உலகம் மறந்தது. 1963இல் தேடிக் கண்டுபிடித்து மேடையேற்றினார்கள். பேரக்குழந்தைக்குக் கதை சொல்கிற தாத்தாவின் குரல் அவருக்கு. அந்த 1928 பதிவுகளில் ‘ஃபிராங்கி’ இருக்கிறது, ‘ஸ்டாக் ஓ லீ’ இருக்கிறது. ஒன்றில் காதலனைச் சுட்டுக் கொல்கிறாள் ஒருத்தி. மற்றதில் ஒரு தொப்பிக்காகக் கொலை. அந்தத் தாத்தாக் குரலில், அந்தச் சீரான கட்டைவிரலோடு. ஆக, கோபர்ன் கடன் வாங்கிய கட்டைவிரலுக்குப் பிணங்கள் புதிதல்ல. கொலையைத் தாளத்தோடு சொல்வது எண்பதுகளின் ரேடியோ செய்த அசிங்கம் என்று நான் வைத்திருந்த சுலபமான குற்றச்சாட்டு இந்த இடத்தில் கழன்று விழுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் பாக்கி இருக்கிறது. ஹர்ட் பாடும்போது கொன்றவள் ஃபிராங்கி. ஹர்ட் இல்லை.

அந்த வழியிலேயே நடந்தால் தாம்சனின் வீடு வந்துவிடும். அவர் அப்பா ஸ்காட்லாந்துக்காரர், ஸ்காட்லாந்து யார்டில் துப்பறிவாளர், ஓய்வு நேரத்தில் கிதார் வாசிப்பவர். வீட்டில் ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டுகள். போலீஸ்காரர் மகன் குற்றவாளிகளைப் பற்றிப் பாட்டு எழுதினான் என்று இதிலிருந்து ஒரு வாக்கியம் பண்ண ஆசையாக இருக்கிறது. வேண்டாம், ரொம்ப வசதியாக இருக்கிறது. அவர் உருவானது ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவில். 1969 மே 12 அதிகாலையில் பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் எம் 1 நெடுஞ்சாலையில் அவர்கள் வேன் புரண்டது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிளுக்கு வயது பத்தொன்பது, அவர் போனார். தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் போனார். ராக் இசைக்காரர்களுக்கு உடை தைத்துக்கொடுத்தவர் ஜீனி. ஜாக் புரூஸின் ‘சாங்ஸ் ஃபார் எ டெய்லர்’ என்ற தொகுப்பின் பெயரில் வரும் தையல்காரர் அவர்தான். தாம்சனுக்கு அப்போது இருபது. இதை ஒரு கோபர்ன் எழுதியிருந்தால் கீழே ஊரும் தேதியும் இருந்திருக்கும். தாம்சன் எழுதியது ‘கிரேஸி மேன் மைக்கேல்’. கடலோரம் அலைகிற ஒருவன் தன்னிடம் பேசும் பறவையைக் கொல்கிறான். கொன்ற பிறகுதான் அது தன் காதலி என்று தெரிகிறது. விபத்து நடந்த அதே ஆண்டு கடைசியில் ‘லீஜ் அண்ட் லீஃப்’ தொகுப்பில் அது வந்தது, குழுவில் இருந்த டேவ் ஸ்வார்பிரிக்கின் மெட்டில். அந்தத் தொகுப்பில் மீதிப் பாட்டுகளில் பல நூற்றாண்டுகள் பழையவை. அவற்றின் நடுவே ‘மைக்கேல்’ புதிதாகத் தெரியவில்லை. இருபது வயதுப் பையன் தன் துக்கத்தைக் கொண்டுபோய் யாரும் எழுதாத, எல்லோரும் பாடிய பாட்டுகளின் வரிசையில் ஒளித்து வைத்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒளித்தான் என்பது சரியா? கொஞ்சம் மரியாதையாக, அடக்கம் செய்தான் என்று சொல்லலாமோ? அதே தொகுப்பில் ‘மேட்டி குரோவ்ஸ்’ கேளுங்கள். பிரபு தன் மனைவியையும் அவள் காதலனையும் வெட்டிப் போடுகிறான். கதை முடிந்ததும் குழு ஒரு நொடி யோசிக்காமல் ஆட்ட மெட்டுக்குள் பாய்கிறது. பிணத்தின் மேல் கால் தாளம் போடுவது அந்த மரபில் விதிவிலக்கல்ல, வழக்கம். பழைய கதைப்பாட்டைச் சொல்கிறவர் கண்ணீர் விட மாட்டார். நடந்தது இது, இன்னார் இன்னாரை வெட்டினார், அவ்வளவுதான்.

தாம்சன் பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, நடுவிரலையும் மோதிர விரலையும் மேல்தந்திகளுக்கு விட்டுவிடுகிறார். ‘1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்’ பாட்டுக்கு ஆறாவது தந்தியை சி வரையும் ஐந்தாவதை ஜி வரையும் இறக்கி, மூன்றாவது கட்டத்தில் காப்போ என்ற கவ்வியைப் போடுவார். கீழே தந்திகள் அதிர்ந்துகொண்டே கிடக்க மேலே பைக் ஓட்டும் திருடன் ஒருவன் பேசுகிறான். அங்கேயும் அடியில் ஓடும் சுருதிதான். ஸ்காட்லாந்துப் பைகுழலின் வாடை அதில் அடிக்கிறது. ஆனால் கோபர்னின் கட்டைவிரல் செய்கிற வேலையை இது செய்வதில்லை. தாம்சனின் மின்கிதாரைக் கேட்டால்தான் அது தெரியும். ‘ஷூட் அவுட் த லைட்ஸ்’ பாட்டில் சொற்கள் வறண்டவை. இருட்டில் ஒளிந்து திரியும் ஒருவனைப் பற்றி, தள்ளி நின்று பார்க்கிற குரலில், உணர்ச்சியே காட்டாமல் பாடுகிறார். பிறகு கிதார் வாயைத் திறக்கிறது. நெளிகிறது, ஒரே சுரத்தில் போய்த் திரும்பத் திரும்ப மோதுகிறது, தப்பான இடம் என்று நினைக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது. குரல் எதை மறைத்ததோ அதையெல்லாம் கிதார் போட்டு உடைத்துவிடுகிறது. கோபர்னிடம் நேர்மாறு: குரல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, கைதான் நிதானத்தைக் காக்கிறது. யாருடைய ‘நான்’ எங்கே இருக்கிறது என்று தேடினால், கோபர்னுடையது வாயில், தாம்சனுடையது விரலில். இப்படிச் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ‘ஷூட் அவுட் த லைட்ஸ்’ தொகுப்பின் கதையே என் சூத்திரத்தைக் கேலி செய்கிறது. 1982இல் அது வெளிவந்தபோது தாம்சன் தம்பதியின் மணவாழ்க்கை உடைந்திருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் இது விவாகரத்தின் வாக்குமூலம் என்றே முடிவு கட்டினார்கள். ஆனால் பாட்டுகளில் பெரும்பாலானவை பிரிவுக்கு முன்பே எழுதப்பட்டவை. 1980இல் ஒருமுறை பதிவுசெய்து கைவிட்டு, மறுபடி பதிவு செய்தவை. தலைப்புப் பாட்டின் பொறியோ, சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததிலிருந்து கிடைத்தது. முகமூடிக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கிறவர்கள் பிடிவாதம் பிடிக்கிறோம். இல்லையென்றால் நாமே ஒன்றை வரைந்து மாட்டிவிடுகிறோம்.

இரண்டு பாட்டுகளை எதிரெதிரே வைத்தால்தான் என் உறுத்தலின் வேர் கொஞ்சம் தென்படுகிறது. ராக்கெட் லாஞ்சர் யாரைக் குறிபார்க்கிறது? 1982 மார்ச்சில் கவிழ்ப்பு நடத்தி குவாத்தமாலாவின் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் எஃப்ராயின் ரியோஸ் மொன்ட் சுவிசேஷக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிவிஷனில் தோன்றி ஒழுக்கத்தையும் குடும்பத்தையும் பற்றி உபதேசம் செய்தார். மலைக்கிராமங்கள் எரிந்தது அவருடைய காலத்தில்தான். அதாவது கோபர்ன் வாசித்த அதே பைபிளை வாசிக்கிறவர். தன் மதத்துக்காரன் செய்த கொலையின் முன்னால் நிற்கும்போது கோபர்ன் தேர்ந்த வழி, ‘நான் அவனில்லை’ என்று கத்துவது. கத்திய வேகத்தில் தானும் கொல்லத் தயார் என்கிற இடம் வரை போய்விட்டார். அதை மறைக்கவும் இல்லை. பாட்டின் நேர்மை என்று நான் மதிப்பது அதைத்தான். இப்போது தாம்சனிடம் வருவோம். 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு, 2003இல் வந்த ‘தி ஓல்ட் கிட் பேக்’ தொகுப்பில் ‘அவுட்சைட் ஆஃப் தி இன்சைட்’ என்று ஒரு பாட்டு. பேசுகிறவன் தாலிபான் மனம் கொண்ட ஒரு மதவெறியன். ஷேக்ஸ்பியர், நியூட்டன், வான்கா, ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் என்று ஒவ்வொருவராக வரச்சொல்லி, இவர்களால் கடவுளுக்கு என்ன பிரயோஜனம் என்று தள்ளிவிடுகிறான். தாம்சன் இதைப் பாடும்போது ஐவேளைத் தொழுகையை ஏற்று முப்பது வருஷம் ஆகப்போகிறது. அவரும் தன் மதத்துக்காரன் செய்த கொலையின் முன்னால்தான் நிற்கிறார். ஆனால் ‘நான் அவனில்லை’ என்று சொல்லவில்லை. அவனுடைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவனுடைய ‘நான்’ என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, நாலு நிமிஷம் நிற்கிறார். சார்லி பார்க்கர் வீண் என்று ஒரு கிதார் கலைஞன் தன் வாயால் சொல்லும்போது, அந்த வாய் எவ்வளவு கசந்திருக்க வேண்டும். சொல்லி முடித்ததும் அந்தச் சட்டைக்குள்ளிருந்தே கிதாரை வாசிக்கிறார். பாட்டின் ஆள் கேட்டால் அந்த விரல்களை வெட்டச் சொல்வான்.

எது பெரிய துணிச்சல்? கோபர்னுடையதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முகமூடிக்காரனுக்குக் கொல்லைப்புறக் கதவு ஒன்று எப்போதும் திறந்திருக்கும். யாராவது சட்டையைப் பிடித்தால், அது நானில்லை, பாத்திரம் பேசியது என்று நழுவிவிடலாம். தாம்சனுக்கு அந்தக் கதவு சில சமயம் தேவைப்படவும் செய்கிறது. அவர் பாட்டுகளில் பெண்கள் மேல் வருகிற எரிச்சலும் ஏளனமும் எல்லாமே பாத்திரத்தின் தலையில் கட்டக்கூடியவை இல்லை. வின்சென்ட் பாட்டில் அந்தத் திருடனின் காதலி மோலிக்குச் செந்நிறக் கூந்தல் உண்டு, கறுப்புத் தோலாடை உண்டு, கடைசியில் பைக் சாவியும் கிடைக்கிறது. அவளுக்கென்று ஒரு ஆசை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ‘பீஸ்விங்’ பாட்டில் வரும் பெண் சுதந்திரம் சுதந்திரம் என்று போய்ச் சாலையோரத்தில் படுத்துக் கிடக்கிறாள். பாடுகிற ஆண் பாதுகாப்பான தூரத்திலிருந்து ஏங்குகிறான். அந்தப் பாட்டு எனக்கு உயிர். ஆனாலும் இந்தக் கணக்கு பாக்கி. மறுபக்கம், ‘நான்’ என்று மார்பில் அடித்துக்கொள்வதிலும் ஒரு சொகுசு இருக்கிறது. கோபர்ன் சறுக்குகிற இடங்கள் எல்லாம் அங்கேதான். சர்வதேச நாணய நிதியத்தின் மேல் பாயும் ‘கால் இட் டெமாக்ரஸி’ மாதிரிப் பாட்டுகளில் கோபத்துக்குக் காரணம் நூற்றுக்கு நூறு சரி; பாட்டு மட்டும் துண்டுப் பிரசுரமாகிவிடுகிறது. கெட்டவன் வெளியே இருக்கிறான், பாடுகிறவரும் கேட்கிற நானும் உள்ளே நல்லவர்களாக உட்கார்ந்திருக்கிறோம். ராக்கெட் லாஞ்சர் அப்படிப்பட்ட பாட்டு இல்லை. அதில் பாடுகிறவர் தன்னைப் பார்த்தே மிரளுகிறார். ஆனால் கேட்கிற நான் மிரளுகிறேனா? காய்கறிக் கத்தியோடு நிற்கும் எனக்கு, இன்னொருவர் தன் ஆத்மாவைப் பணயம் வைத்துச் சம்பாதித்த கோபம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. உறுத்தல் அந்த இலவசத்தில்தான் இருக்கிறது போலும். தாம்சனின் மதவெறியன் பாட்டில் இந்த வசதி கிடைப்பதில்லை. அதைச் சேர்ந்து பாட முயன்றால் என் வாயிலிருந்தும் சார்லி பார்க்கர் வீண் என்றுதான் வரும்.

முகமூடிப் பாட்டுக்கு இன்னொரு குணம், அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். டெல் மெக்கௌரி என்கிற புளூகிராஸ் பாடகர் 2001இல் வின்சென்ட் பாட்டைப் பாடினார். லண்டனுக்குத் தெற்கே பைக்காரர்கள் கூடும் பாக்ஸ் ஹில் அதில் டென்னசியின் நாக்ஸ்வில் ஆகிவிட்டது. ஸ்டீவனேஜில் செய்த, முப்பது சொச்சம் மட்டுமே வெளிவந்த ஓர் ஆங்கிலேய பைக், பாஞ்சோ சத்தத்தோடு அப்பலாச்சிய மலையில் ஏறிவிட்டது. பாட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பழைய கதைப்பாட்டுகள் அட்லான்டிக் தாண்டியதும் இப்படித்தான். ஊரும் தேதியும் குத்தப்பட்ட கோபர்னின் பாட்டை அப்படித் தூக்க முடியாது, அது சியாபாஸில் ஆணியடித்து நிற்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். 2009இல் அவர் ஆப்கானிஸ்தான் போனார். கனடா நாட்டுப் படை அப்போது காந்தஹாரில் இருந்தது. அவர் தம்பி அங்கே ராணுவ மருத்துவர். படைவீரர்களுக்கு நடுவே கோபர்ன் ராக்கெட் லாஞ்சரைப் பாடினார். அவர்கள் ஆர்ப்பரித்தார்கள். முடிந்ததும் படைத்தலைவர் நிஜமான ராக்கெட் லாஞ்சர் ஒன்றைக் கொண்டுவந்து, பரிசளிப்பதுபோல அவர் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். கோபர்னும் இதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார், அதை வைத்துக்கொள்ள விட்டிருக்கலாம், ஆனால் கனடா சுங்க இலாகா என்ன சொல்லும் என்கிற தோரணையில். அரசுப் படை ஒன்றின் ஹெலிகாப்டரைப் பார்த்து ஓடியவர்களுக்காக எழுதிய பாட்டு, இன்னொரு அரசுப் படையின் முகாமில், ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்கள் நடுவே கைதட்டல் வாங்கியது. ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நாக்ஸ்வில்லுக்காவது ஊர்ப்பெயரை மாற்ற வேண்டியிருந்தது. அதே பயணத்தில்தான், இறந்துபோன இரண்டு இளம் வீரர்களின் சவப்பெட்டிகளுக்கு மரியாதை செய்யும் நிகழ்ச்சியில் அவர் நின்றிருந்தார். ‘ஈச் ஒன் லாஸ்ட்’ அதிலிருந்து வந்த பாட்டு. ஆகவே அந்த வீரர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பயமும் கோபமும் அவர்களுக்கும் உண்டு. கோபத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்றால், ‘நான்’ என்று அவ்வளவு கவனமாகக் கையெழுத்துப் போட்டதுகூடக் கடைசியில் ஒரு முகமூடியாகத்தான் ஆகிறதா?

இதற்குமேல் போனால் தத்துவம் பேசவேண்டி வரும். அதற்கு நான் ஆள் இல்லை. கோபர்ன் 2019இல் ‘க்ரோயிங் இக்னைட்ஸ்’ என்று சொல்லே இல்லாத தொகுப்பு ஒன்றைக் கொடுத்தார், முழுக்கக் கிதார். தாம்சன் 2021இல் தன்வரலாறு எழுதினார். எம் 1 நெடுஞ்சாலையும் அந்த வேனும் அதில் வருகின்றன. ஒருவர் வாயை மூடிக்கொண்டார், இன்னொருவர் முகமூடியைக் கழற்றினார் என்று முடிச்சுப் போடலாம்தான். ஆனால் கோபர்ன் 2023இல் மறுபடி பாடினார், தாம்சன் 2024இல் மறுபடி பாத்திரங்களைக் கூட்டிக்கொண்டு ‘ஷிப் டு ஷோர்’ என்று வந்தார். ரியோஸ் மொன்ட்டுக்கு 2013இல் குவாத்தமாலா நீதிமன்றம் ஒன்று இனப்படுகொலைக் குற்றத்துக்காகவும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காகவும் 80 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதித்தது. பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணை இழுத்துக்கொண்டே போக, 2018 ஏப்ரலில் 91 வயதில் தன் வீட்டில் இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று பாட்டைப் போட்டுக் கேட்டேன். கடைசிச் சரணத்தில் வந்து விழும் அந்த வசையை இனி யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. தாளம் என்னவோ அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.